அந்தமானுக்கு நாலு டிக்கெட்!

"ஃபேமிலி டூரா?"ன்னு கேட்டுட்டு எங்க கேங்ல எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க பாருங்க... துக்க வீட்டுக்கு வந்தவங்க கூட அப்படிப் பாக்க மாட்டாங்க! தேர்ட் இயர் படிக்கிற பொண்ணு, செமஸ்டர் லீவுல அப்பா, அம்மா, ஒன்பதாவது படிக்கிற தம்பின்னு மொத்தக் குடும்பத்தோட கிளம்புறதாம். அவங்களுக்கு அதே வாரம் கோவா பிளான். அதுல எனக்கும் ஒரு சீட் இருந்துச்சு. வயித்தெரிச்சலை அடக்கிக்கிட்டு, "அந்தமான்டி, ஃப்ளைட்டுடி"ன்னு பில்டப் கொடுத்துட்டு வந்தேன்.

மேட்டர் என்னன்னா, அப்பாவுக்கு எல்.டி.சி. பாக்கி இருந்துச்சு. அப்பா திருச்சி ஆர்.எம்.எஸ்.ல இருக்கார். ஜங்ஷன்ல ராத்திரி பூரா லைட் எரிய தபால் பிரிப்பாங்களே, அந்த ஆபீஸ். மத்திய அரசு ஊழியர் குடும்பத்தோட இந்தியாவுல எங்கயாவது போய்ட்டு வந்தா டிக்கெட் காசை கவர்மென்ட்டே கொடுத்துடும். நாலு வருஷம் ஒரு பிளாக். அதுக்குள்ள, மிஞ்சிப் போனா அடுத்த பிளாக்கோட முதல் வருஷத்துக்குள்ள போகலைன்னா சலுகை போச்சு. அப்பா மாதிரி கிரேடுக்கு வழக்கமா ரயில்தான். அந்தமான், வடகிழக்கு மாநிலங்கள், காஷ்மீர் பக்கம்னா மட்டும் ஸ்பெஷலா விமானத்துக்கும் அனுமதி உண்டு. லாட்ஜ், சாப்பாடு, படகு எல்லாம் நம்ம கைக்காசு. அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் ஒண்ணரை வருஷம்தான். இதுக்கு மேல தள்ளிப் போட மனசில்லை.

அவர் அந்தமானைப் பிடிச்சதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. "744101 போர்ட் பிளேர், 744211 ஹேவ்லாக்... முப்பது வருஷமா இந்த நம்பரைப் பாத்துப் பாத்துப் பிரிச்சுப் போட்டிருக்கேம்மா. அங்க யாருதான் இருக்காங்கன்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்."

இதுக்கு மேல கோவா பத்தி எப்படிப் பேசுறது, சொல்லுங்க?

அஞ்சு நாள், நாலு ராத்திரி. இட்லிப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், புளிக்காய்ச்சல் சகிதம் சென்னையிலருந்து காலை விமானம். எங்க வீட்ல எல்லாருக்குமே அதுதான் முதல் ஃப்ளைட். 1,300 கிலோ மீட்டருக்கு மேல தூரம். கப்பல்ல போனா மூணு நாள் ஆகுற பயணம், ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுடுது. ஜன்னல் சீட்டுக்கு நானும் தம்பியும் முட்டி மோதினதுல அம்மா ஓரத்து சீட்ல உக்காந்து, எங்க ரெண்டு பேர் தலைக்கும் நடுவுல எக்கி எக்கிப் பாத்துட்டு வந்தாங்க. அப்போ எனக்கு அது ஒரு விஷயமாவே தோணலை.

இறங்குறதுக்குள்ள ஒரு சின்ன நோட்: போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பர்லருந்து ஸ்ரீ விஜயபுரம்னு பேர். ஹேவ்லாக் 2018 டிசம்பர்லயே ஸ்வராஜ் தீவு ஆயிடுச்சு. ஆனா நாங்க போன ஆட்டோ, டீக்கடை எல்லா இடத்துலயும் பழைய பேர்தான் ஓடுது. நானும் அப்படியே எழுதிட்டுப் போறேன், கண்டுக்காதீங்க.

மொழிக்குக் கவலையே இல்லை. 2011 சென்சஸ்படி இந்தத் தீவுகள்ல நூத்துக்குப் பதினைஞ்சு பேருக்குத் தமிழ்தான் தாய்மொழி. இந்திக்காக நான் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்த "கித்னா ஹை பய்யா"வுக்கு, "எரநூறு ரூபா ஆகும் பாப்பா"ன்னு பதில் வந்தப்போ தம்பி கலாய்ச்ச கலாய்... விடுங்க.

முதல் நாள் மதியம் செல்லுலார் ஜெயில். ஸ்கூல் புக்ல ஒரு பாராவுல முடிஞ்சு போன மேட்டர். நேர்ல போனா அப்படி இல்லை பாஸ். 1896ல ஆரம்பிச்சு 1906ல கட்டி முடிச்ச கட்டடம். நடுவுல ஒரு கோபுரம், அதுலருந்து சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி ஏழு பக்கமும் நீண்ட மூணு மாடி வரிசைகள். இப்ப மிச்சம் இருக்கிறது மூணு. ஒரு வரிசையோட முன்பக்கம் அடுத்த வரிசையோட முதுகைத்தான் பாக்கும். அதாவது, எந்தக் கைதியும் இன்னொரு கைதியோட முகத்தைப் பாக்கக் கூடாது. அதுக்குன்னே உக்காந்து யோசிச்சிருக்கானுங்க! செக்குல மனுஷனை மாட்டை மாதிரி கட்டி, ஒரு நாளைக்கு இவ்வளவு தேங்காய் எண்ணெய் ஆட்டணும்னு கணக்கு. 1933ல உண்ணாவிரதம் இருந்தவங்களுக்கு வலுக்கட்டாயமா உணவு புகட்டப் போய் மஹாவீர் சிங், மோஹித் மொய்த்ரா, மோகன் கிஷோர் நமதாஸ்னு மூணு பேர் செத்துப் போயிருக்காங்க.

நான் செல்ஃபிக்கு லைட்டிங் தேடிட்டு இருந்தேன். அப்பா ஒரு செல்லுக்குள்ள போனவர் வெளிய வரவே இல்லை. எட்டிப் பாத்தா, சுவத்தோட உச்சியில இருந்த சின்ன ஜன்னலைப் பாத்துட்டு நின்னார். "ஆரம்பத்துல இவங்களுக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு லெட்டர்தான் எழுத அனுமதியாம்மா"ன்னார். ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்குல லெட்டர் கையில புரண்ட மனுஷன். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை.

ஜெயிலை முடிச்சுட்டு ஜாலியா பீச்சுக்குப் போகலாம்னு அஞ்சே காலுக்கு ஆட்டோ பிடிச்சா... கும்மிருட்டு! அந்தமான் சென்னையை விட அவ்வளவு கிழக்கால இருந்தும் கடிகாரம் மட்டும் நம்ம கடிகாரம்தான். சூரியன் நம்ம ஊரை விட முக்கால் மணி நேரத்துக்கும் மேல முந்திக்குது. நவம்பர் கடைசியில அஞ்சு மணிக்கெல்லாம் ஷட்டரைச் சாத்திட்டுப் போயிடுது. சாயங்காலம்தான் பீச்சுன்னு நம்ம ஊர்க் கணக்குல போறவங்க உஷார்!

ரெண்டாம் நாள்தான் வில்லன் என்ட்ரி. காலைல ஹேவ்லாக் போற கப்பல். விடியக்காலைலயே ஜெட்டிக்குப் போய் நின்னோம். மழை, காத்து, கடல் சரியில்லை... அன்னிக்குக் கப்பல் கிடையாதுன்னுட்டாங்க. வங்காள விரிகுடா நவம்பர்ல எப்படி இருக்கும்னு நம்ம கடற்கரை மாவட்டத்துக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம். எங்க திருச்சி மூளைக்கு மட்டும் அது உறைக்கலை. ஹேவ்லாக்ல ரெண்டு நாள்னு போட்ட பிளான் ஒண்ணாச் சுருங்கிடுச்சு. அங்க புக் பண்ணின ரூமுக்கு அன்னிக்கு வாடகை அம்பேல்.

டிராவல் ஏஜென்ட் ஒருத்தர் லாட்ஜுக்கே வந்து, "பாரதாங் போங்க சார், சுண்ணாம்புக்கல் குகை இருக்கு. வழியில காட்டுக்குள்ள ஜாரவா ஆளுங்களையும் பாக்கலாம்"னு குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்த ரோடு ஜாரவா பழங்குடிகளோட காட்டுக்கு நடுவுல போகுது. வண்டிகளை வரிசை கட்டித்தான் விடுவாங்க. நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, எடுத்தா கேஸ். குகை பாக்கப் போறது வேற. இவர் வித்தது வேற. "மனுஷனைப் பாக்க டிக்கெட்டாய்யா?"ன்னு அப்பா கேட்ட கேள்வியில ஏஜென்ட் எஸ்கேப்.

அப்புறம் என்ன... நாலு பேர், ஒரே ரூம், விடாத மழை. காயாத துணி வாசனை. அப்பா பாக்கெட் டைரியை எடுத்துட்டு, போன காசு எவ்வளவு, இருக்கிற காசு எவ்வளவுன்னு கூட்டிக் கழிச்சுட்டு இருந்தார். இந்தத் தீவுக்கு நெட்டாவது உருப்படியா இருக்கு. 2020 ஆகஸ்ட்ல சென்னையிலருந்து கடலுக்கு அடியில 2,300 கிலோ மீட்டர் கேபிள் போட்டிருக்காங்க. அந்தக் கேபிள் வழியா எனக்கு வந்து சேந்தது, கோவா பீச்ல எங்க கேங் குதிச்சு ஆடுற வீடியோ!

வாய் சும்மா இருக்கலை. "இதுக்கு நான் அவங்க கூடவே போயிருப்பேன். உங்களோட வந்து ரூம் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்"னு சொல்லிட்டேன்.

அப்பா டைரியை மூடி சட்டைப் பையில வெச்சுட்டார். அம்மா ஈரத் துணியை ஃபேனுக்குக் கீழ ஒண்ணொண்ணா விரிச்சுப் போட்டுட்டு இருந்தாங்க. கையை நிறுத்தலை. தம்பி மட்டும் "லூசா நீ"ன்னான். அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல ஊறுகாயை "இந்தா"ன்னு தள்ளினதைத் தவிர யாரும் யார்கிட்டயும் பேசலை.

மறுநாள் கடல் மனசு மாறிடுச்சு. ஹேவ்லாக் போய்ச் சேந்து, மூணு மணிக்கே ராதாநகர் பீச்! (அதான் சூரியன் டைமிங் தெரிஞ்சு போச்சே.) 2004ல 'டைம்' பத்திரிகை ஆசியாவுலயே சிறந்த பீச்னு சொன்ன இடம். மாவு மாதிரி மணல், முதுகுப்பக்கம் ஆளை அண்ணாந்து பாக்க வைக்கிற காடு, முன்னால கண்ணாடித் தண்ணி. குளிக்க எது வரைக்கும் போகலாம்னு எல்லை இருக்கு, மதிச்சு நடந்துக்கங்க. உப்புத்தண்ணி முதலைங்க வாழுற ஊரு. 2010ல இந்த பீச் பக்கத்துலயே ஒரு வெளிநாட்டுப் பெண் முதலைக்குப் பலியாகி இருக்காங்க.

நானும் தம்பியும் ஒரே ஓட்டம். அப்பா பேன்ட்டைச் சுருட்டிட்டு முழங்கால் வரைக்கும். அம்மா?

எங்க வீட்ல பீச்சுன்னா ஒரு ஃபிக்ஸட் ஸீன் உண்டு. மெரினா, வேளாங்கண்ணி, கன்னியாகுமரி, ராமேஸ்வரம்... எந்தக் கடலா இருந்தாலும் சரி. நாலு ஜோடி செருப்பு, பை, அப்பாவோட வாட்ச், கண்ணாடி, எங்க போன் எல்லாத்தையும் மடியில கட்டிட்டு அம்மா கரையில உக்காந்திருப்பாங்க. ஆசியாவோட சிறந்த பீச்லயும் அதேதான். நான் தூரத்துலருந்து ஒரு போட்டோ எடுத்து, 'எங்க சீஃப் செக்யூரிட்டி ஆபீசர்'னு ஸ்டேட்டஸ் போட்டேன். கேங்லருந்து சிரிப்பு பொம்மையா வந்து கொட்டுச்சு.

தலையைத் துவட்டிட்டே பக்கத்துல போய் உக்காந்தேன். சூரியன் தண்ணியைத் தொடுற நேரம். அம்மா கடலையே பாத்துட்டு, "உள்ள போனா எப்டிடி இருக்கும்?"னாங்க.

"நீ போனதே இல்லியா?"

"கால் நனைச்சிருக்கேன்."

"ஏம்மா, பயமா?"

"பயமெல்லாம் ஒண்ணும் இல்ல. யாரும் கூப்பிடலையே."

கோபமா சொல்லலை. கத்தரிக்கா விலை சொல்ற மாதிரி சொன்னாங்க. இருபது வருஷமா எனக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கிற அந்தக் கையைப் பாத்துட்டு ஸ்டேட்டஸை டெலிட் பண்ணினேன். அதுக்குள்ள எழுபது பேர் பாத்தாச்சு.

நாலாம் நாள் காலைல எலிஃபென்ட் பீச். ஜெட்டியிலருந்து ஸ்பீட் போட்ல கொஞ்ச நேரம். வெளுத்துப் போன பெரிய பெரிய மரங்கள் கரையில சாய்ஞ்சு கிடக்கும். தீவுகள்ல மரம் தூக்குற வேலைக்கு ஒரு காலத்துல யானைங்களைக் கொண்டு வந்து வெச்சிருந்தாங்க. அதுல ராஜன்னு ஒரு யானை கடல்ல நீந்தியே உலக ஃபேமஸ் ஆச்சு. 2016ல இறந்து போச்சு. யானையே நீந்தின ஊரும்மான்னு சொல்லித்தான் அம்மாவை இழுத்துட்டுப் போனேன்.

இங்க ஸ்நார்கெலிங் உண்டு. நீச்சல் தெரியணும்னு அவசியமே இல்லை. கண்ணையும் மூக்கையும் மூடுற மாஸ்க், வாயில ஒரு குழாய், இடுப்புக்கு ஒரு மிதவை. முகத்தை மட்டும் தண்ணிக்குள்ள கவுத்துட்டு மிதக்கணும். கைடு மிதவையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவார். படகு டிக்கெட்டோட கொஞ்ச நேரம் இலவசம். ஆழமா, ரொம்ப நேரம் போகணும்னா தனிக் காசு. "எனக்கெதுக்கு, நீங்க போங்க, நான் பை பாத்துக்கறேன்"னு அம்மா வழக்கமான டயலாக்கை எடுத்தாங்க. சேலையோட விட மாட்டாங்களேன்னு இன்னொரு பாயின்ட் வேற. என் டிராக் பேன்ட், அப்பாவோட பனியன் சட்டை ரெண்டையும் கையில திணிச்சு டிரஸ் மாத்துற ரூமுக்குள்ள தள்ளினேன். வெளிய வந்தப்ப எங்க யாருக்கும் அவங்களை நேராப் பாக்கத் தைரியம் வரலை. அவங்களுக்கும்தான்!

முதல் தடவை முகத்தை வெச்ச ரெண்டாவது செகண்ட்ல எழுந்துட்டாங்க. இருமல், கண்ணுல தண்ணி. மூக்கால மூச்சு இழுத்திருக்காங்க. "வேணாம்டி, வேணாம், கரைக்குப் போயிடறேன்." எல்லாரும் பண்ற தப்பு அது. நானும் பண்ணினேன். ஆனா நான் உடனே மறுபடி ட்ரை பண்ணினேன். அம்மாவுக்கு அது தன்னால ஆகாத வேலைன்னு அஞ்சு செகண்ட்ல முடிவாயிடுச்சு. இடுப்பளவு தண்ணியில அவங்க கையைப் பிடிச்சுட்டு நின்னேன். "வாயால மட்டும்மா. சூடா காபி ஊதுற மாதிரி விடு, அப்புறம் இழு." கைடு தம்பி பாவம், பொறுமையா நின்னார். ரெண்டாவது தடவை பத்து செகண்ட். மூணாவது தடவை எழவே இல்லை. நான்தான் பயந்து போய் முதுகைத் தட்டினேன். தண்ணிக்குள்ளருந்தே கையை ஆட்டி 'சும்மா இரு'ன்னாங்க!

கிளம்பிட்டோம். கைடு மிதவையை இழுக்க, ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் நான். என் மணிக்கட்டை அவங்க பிடிச்சிருந்த பிடியில வளையல் அச்சு விழுந்துடுச்சு. கீழ மணல் மெதுவா இறங்கி இறங்கிப் போயி, திடீர்னு பவளப்பாறை. மூளை மாதிரி சுருக்கம் விழுந்த உருண்டைகள், மான் கொம்பு மாதிரி கிளைகள், நடுவுல கிளிப்பச்சையும் ஊதாவுமா கிளிமீன் பாறையைக் கொறிச்சுட்டுப் போகுது. மாஸ்க்குக்கு முன்னாடி ஒரு மீன் கூட்டம் அப்படியே திரும்புச்சு. மணிக்கட்டுல இருந்த பிடி விட்டுப் போச்சு. என்னாச்சோன்னு பதறித் திரும்பினா, அந்தக் கையால எனக்கு மீனைக் காட்டிட்டு இருக்காங்க. அங்க பாரு, அங்க பாருன்னு. குழாய் வழியா 'ஊ... ஊ'ன்னு சத்தம் வேற.

தலையைத் தூக்கினதும் அம்மாவோட முதல் கேள்வி: "அது கல்லா, செடியா?"

ரெண்டுமே இல்லை. பவளம் ஒரு உயிரினம். கடுகு சைஸ்ல ஆரம்பிச்சு விதவிதமா இருக்கிற குட்டிக் குட்டிப் பிராணிங்க லட்சக்கணக்குல கூட்டுக் குடும்பமா உக்காந்து, தங்களுக்குத் தாங்களே சுண்ணாம்பு வீடு கட்டிக்குது. அதோட உடம்புக்குள்ள ஒருவகைப் பாசி குடியிருந்து சாப்பாடு தயாரிச்சுக் கொடுக்குது. நாம பாக்குற கலர்ல பெரும்பங்கு அந்தப் பாசியோடது. கடல் சூடு ஏறி அப்படியே நீடிச்சா பாசி வெளியேறிடும். பவளம் வெளுத்துப் போய், சீக்கிரம் சூடு தணியலைன்னா செத்துடும். 1998லயும் 2010லயும் அந்தமான்ல இப்படிப் பெரிய அளவுல வெளுத்துப் போச்சு. நாங்க போன வழியிலயும் எலும்புக் குவியல் மாதிரி சாம்பல் கலர்ல ஒரு பெரிய திட்டு இருந்துச்சு. மேல ஒரு மீன் இல்லை. அம்மா அதைத் தாண்டுறப்ப எதையும் காட்டலை.

இதையெல்லாம் நான் ஜுவாலஜி வாய்க்கு வந்த மாதிரி சொல்ல, அம்மா ரொம்ப சீரியஸா கேட்டுட்டு, "உறையூர் மார்க்கெட்ல இத்தனை வருஷமா மீன் வாங்கறேன். அது திரும்பி என்னைப் பாக்கும்னு எனக்குத் தெரியாதுடி"ன்னாங்க. மாஸ்க் அழுத்தினதுல நெத்தியில சிவப்பா ஒரு வளையம், கலைஞ்ச கொண்டை, மூக்குல ஒழுகுற உப்புத்தண்ணி. அந்த போட்டோவை எங்கயும் போடலை. என்கிட்டயே இருக்கு.

கரையில தம்பி ஒரு பவளத் துண்டைப் பைக்குள்ள போட்டிருந்தான். உடைஞ்சு ஒதுங்கினதுதானேன்னு கேட்டான். அதையும் எடுக்கக் கூடாது மக்களே, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கு, ஏர்போர்ட்ல பையைக் கவுத்துக் கேள்வி கேப்பாங்க. அப்பா ஒரு முறை முறைச்சதும் துண்டு கடலுக்கே ரிட்டர்ன்.

மதியம் திரும்புற கப்பலுக்கு நேரம் இருந்துச்சு. நான் கிளம்பலாம்னேன். அம்மா துண்டைத் தோள்ல போட்டுட்டு, தயங்கித் தயங்கி அப்பாகிட்ட போனாங்க. "ஏங்க... அந்தக் காசு கட்டிப் போறது எவ்வளவாம்?"

அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பாத்தார். ஹேவ்லாக் ரூம்ல ஏற்கெனவே ஒரு நாள் வாடகை போனது அங்க இருந்த எல்லாருக்கும் ஞாபகம் இருந்துச்சு. பேசாம போய் ஒரு டிக்கெட் வாங்கிட்டு வந்து கொடுத்தார். ஒண்ணே ஒண்ணு. "நீ வேணாம், உங்கம்மா போயிட்டு வரட்டும்"னு எனக்குத் தடா!

அம்மா கைடு கூடத் தனியா போனாங்க. ஆரஞ்சு கலர் மிதவை சின்னதாகிட்டே போறதை நான் பாத்துட்டு நின்னேன். எனக்குப் பக்கத்துல அப்பா, சாய்ஞ்ச மரத்து மேல உக்காந்திருந்தார். மடியில நாலு ஜோடி செருப்பு, பை, வாட்ச், மூணு போன், மேல அம்மாவோட மடிச்ச சேலை.

ஊருக்கு வந்து எல்.டி.சி. பில் ரெடி பண்றப்ப டைரியைப் புரட்டினேன். நாலாம் நாளுக்கு நேரா, ஜெட்டி ஆட்டோவுக்கும் மதிய சாப்பாட்டுக்கும் நடுவுல, தபால் ஆபீஸ் கையெழுத்துல ஒரு வரி: 'மீன் பார்த்தது, இரண்டாம் முறை.' தொகையும் இருந்துச்சு. பக்கத்துல பென்சில்ல, 'கிளெய்ம் கிடையாது'.